கேமும் ஓடணும், மச்சானும் ஓடணும்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாப்பா பாதிச் சோற்றில் நின்றுவிடுவார். வாய் திறந்திருக்கும், கையில் பிடித்த சோறு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும். காரணம் என் நானா, அதாவது அண்ணன், கம்ப்யூட்டரில் ஓட்டும் கார்ப் பந்தயம்.

வாப்பா கட்டாரில் வேலை செய்தார். அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் சாப்பிட உட்காரும்போது எங்கள் ஊர் தில்லையடியில் மூன்று மணி இருக்கும். கேமராவை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பெரிய கதை ஒன்றும் இருக்காது. உம்மா துணி மடிப்பார், நான் வீட்டுப்பாடம் எழுதுவேன், அவர் அங்கே சோறு பிசைவார். வீட்டில் இருப்பது போல இருக்க வேண்டுமாம். ஆனால் படிப்பு கெட்டுவிடும் என்று உம்மா கம்ப்யூட்டரைத் திறக்க விட்டதும் அந்த ஒரு பின்னேரம்தான். ஆகவே திரையின் மூலையில் வாப்பா, மீதி இடத்தில் நானாவின் கார். இரண்டையும் சேர்த்துச் சுமக்க அந்தப் பழைய பெட்டியால் முடியவில்லை. கார் வேகமெடுத்தால் வாப்பா நிற்பார். வாப்பா அசைந்தால் கார் நிற்கும். படம் நின்ற பிறகும் குரல் மட்டும் வரும்: "கேக்குதா மகன்? நான் தெரியிறேனா?"

கடைசியில், ஏதாவது ஒரு சாமான் வாங்கிப் போடுங்கள் என்று வாப்பாவே உம்மாவின் தம்பியான எங்கள் மாமாவிடம் சொல்லிவிட்டார். ஒன்றுதான். அது என்ன என்பதில் நானாவுக்குச் சந்தேகமே இல்லை: கிராஃபிக்ஸ் கார்ட். புத்தளம் டவுன் கடையொன்றின் கண்ணாடி அலுமாரியில், நெருப்புக் கக்கும் டிராகன் போட்ட பெட்டியில் அது இருந்தது. டியூஷன் விட்டு வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் வருவான். வெறும் பெட்டியை எனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை மாமா, நானா, நான் மூவரும் த்ரீவீல் ஆட்டோவில் அந்தக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் பெட்டி என் மடியில். கடலோரக் களப்பிலிருந்து வரும் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று உம்மா அதற்குக் கறுப்புத் துணியில் உறை தைத்திருந்தார். கம்ப்யூட்டர் ஓடும்போதும் அதைக் கழற்ற விடமாட்டார்.

கடைக்காரர் பார்த்துச் சிரித்தார். "இதென்ன, இதுக்கும் அபாயா உடுத்தீக்கிறீங்க? மூச்சு விட வேணாமா?"

உள்ளே இருந்த ரேமைக் கழற்றி, அதன் விளிம்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பை அழிறப்பரால் தேய்த்தபடியே கேட்டார்: "என்ன வேலைக்கு எடுக்கிறீங்க தம்பி?"

"கேம் விளையாட," என்றான் நானா.

"கேமும் ஓடணும், மச்சானும் ஓடணும்," என்றார் மாமா.

கடைக்காரர் விழித்தார். வாப்பா கட்டாரிலிருந்து சாப்பிடும் கதையை மாமா விளக்கிச் சொன்னார்.

"அப்ப கார்ட் போட்டு வேலையில்ல. கேம் மட்டும்னா கார்ட் நல்லம், படம் மாதிரி ஓடும். பக்கத்துல வீடியோ கோலும் ஈக்கணும்னா ரேம்தான் கூட்டணும்."

நானாவின் முகம் விழுந்துவிட்டது. மாமாவுக்கு அவன் மேல் இரக்கம். "நீ கார்டையே எடுடா. விளையாடுற நேரம் மச்சானை கட் பண்ணு. கரண்ட் போயிட்டுன்னு நான் சொல்றேன்."

நானா டிராகன் பெட்டியைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தான். வாசித்து முடிந்த பிறகும் வைத்திருந்தான். பிறகு மேசையில் வைத்துவிட்டு, "ரேமைத் தாங்க," என்றான்.

"பைத்தியமா நானா? என்ட பெட்டி?" என்று அவன் கையைக் கிள்ளினேன். ரேம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது. பென்சில் போட்டு வைக்கக்கூட உதவாது.

அடுத்த வெள்ளி கார் ஓடியது. கார்ட் இல்லாததால் பாதையோர மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போல நின்றன, ஒன்றுக்கும் நிழல் இல்லை. மூலையில் வாப்பா ஒருமுறைகூட நிற்காமல் சாப்பிட்டு முடித்தார். விரல் சூப்பினார். கேமராவை அணைக்காமலே கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனார். நானா உடனே காரின் சத்தத்தைக் குறைத்தான்.

"தூங்கிட்டார்தானே. கட் பண்ணு, சத்தமா விளையாடலாம்," என்றேன்.

"ஈக்கட்டும்."

கார் சத்தமில்லாமல் வளைவுகளில் திரும்பியது. மூலையில் வாப்பாவின் போர்வை ஏறி இறங்கியது.

இப்போது கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே என் தொழில். கேம் விளையாட என்று வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி, கேமோடு வேறென்ன திறந்திருக்கும் என்பதுதான். புரோசஸர், ரேம், கார்ட் எல்லாம் அதற்குப் பிறகு. அன்றோ, புது ரேம் நல்ல சாமான், எதையும் மூட வேண்டிய தேவையில்லை, அதனால்தான் நானா மூடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.