மஞ்சுக்குள் கேட்ட மூன்று குரல்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் கூடலூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் ஆள். சித்திரை மாதம், பள்ளிக்கூட லீவு. தேனி, போடி, உத்தமபாளையம் பக்கத்து வாத்தியார்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மலைமேல் முகாம் போட்டார்கள். காட்டில் எப்படி நடப்பது, எப்படி இருப்பது என்று ஒரு வாரம் பாடம். அதற்குக் கைக்காசு வேறு கட்டியிருந்தார்கள். சமைப்பதற்கு என்னைக் கூட்டிப் போனார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான். நான் மலையடிவாரத்தில் மாடு மேய்த்து வளர்ந்தவன். காட்டில் இருக்கக் காசு கொடுத்துப் படிக்கிற ஆட்களை அதுவரை கண்டதில்லை.

பாடம் நடத்தியவர் ஒரு டிரில் வாத்தியார். பெரிய மீசை, சின்னக் குரல். வழி தப்பினால் நடக்கக் கூடாது, ஒரு மரத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும், அதில் மூன்று தரம் தட்டி நிறுத்த வேண்டும், மறுபடி மூன்று தரம் தட்ட வேண்டும் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழம்பைக் கிண்டியபடி கேட்டேன். மரத்தடியில் உட்காருவதற்கும் ஒரு பாடமா என்று நினைத்தேன்.

போடி வாத்தியார் ஒருவர், நல்ல தொந்தி, என்னை வம்புக்கு இழுத்தார். உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"காட்டுல ஒத்தைக் குரலுக்கு எங்காளுக பதில் சொல்ல மாட்டாக" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து நம்பிக்கை அது. தெரிந்த ஆள் குரலிலேயே வேறு ஏதோ ஒன்று கூப்பிடும். ஆனால் அது ஒரு தரம்தான் கூப்பிடும். பதில் கொடுத்தால் போச்சு.

டிரில் வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "எத்தனை தரம் கூப்பிட்டா பேசுவீக?" என்று கேட்டார்.

"மூணு தரம்."

ம் என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் தாண்டி, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு விறகு வெட்டப் போனேன். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. பின்னாலேயே மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கியது. அரிவாள் பிடித்த என் கையே எனக்குத் தெரியவில்லை. காடு தெரிந்தவன்தானே என்று நடந்தேன். ஒரு விழுந்த மரம் குறுக்கே வந்தது. அதில் புதிதாக வெட்டின தடம். நான் வெட்டினதுதான். மறுபடி நடந்தேன். மறுபடி அதே மரம்.

எங்கேயோ மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. யானை.

அப்போது என் பேரைச் சொல்லி ஒரு குரல். ஒரே ஒரு தரம். வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் இன்னொரு குரல். அதுவும் ஒரு தரம். பிறகு இன்னொன்று. காடே என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கடைசிக் குரல் வந்த திசைக்கு முதுகைக் காட்டி விறுவிறு என்று நடந்தேன்.

கால் ஒரு கல்லை இடறியது. கல் உருண்டது. விழுந்த சத்தத்தைக் காணோம். நின்றேன். வெகுநேரம் கழித்து எங்கேயோ கீழே 'டக்' என்றது.

பக்கத்தில் இருந்த மரத்தைக் கட்டிப் பிடித்து அப்படியே உட்கார்ந்தேன். அப்போதுதான் டிரில் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. தட்டினால் யானைக்கும் கேட்கும். தட்டாவிட்டால் யாருக்கும் கேட்காது. கொஞ்சம் யோசித்தேன். அரிவாளைத் திருப்பி, பின்பக்கத்தால் மரத்தில் மூன்று தரம் தட்டினேன். நிறுத்தினேன். மறுபடி மூன்று.

குரல்கள் எல்லாம் அடங்கின. மூங்கில் முறிகிற சத்தமும் நின்றது. பிறகு அந்தச் சின்னக் குரல், ஒரே இடத்திலிருந்து, நிறுத்தி நிறுத்தி, என் பேரை மூன்று தரம் சொன்னது.

"இங்கன இருக்கேன்யா" என்றேன்.

பிரிந்து தேடிய வாத்தியார்கள் ஒன்றுகூடி, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்து சேர்ந்தார்கள். போடி வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. "இத்தனை பேரு தொண்டை கிழியக் கத்துறோம், ஒரு வாய் பதில் சொல்லக் கூடாதாய்யா?" என்றார்.

"ஆளுக்கு ஒரு தரம்தான கூப்பிட்டீக."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரில் வாத்தியார் அப்போதும் சிரிக்கவில்லை. என் ஈரத்துண்டை உருவிவிட்டுத் தன் கம்பளியைப் போர்த்தினார். முகாமில் உலை வற்றி, சோறு குழைந்து, அடி பிடித்துக் கிடந்தது. போடி வாத்தியார்தான் கிண்டிப் பரிமாறினார். அத்தனை மோசமான சோற்றை நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

யுத்தம் முடிந்து இப்போது மறுபடி முகாம் போடுகிறார்கள். காசு கட்டி மகனை அனுப்பலாமா, அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.

டிரில் வாத்தியார் போன வருஷம் காலமாகிவிட்டார். கூடலூர் கடை வாசலில் நின்று, மலையில் மஞ்சு இறங்குவதைப் பார்க்கிறபோதெல்லாம் அந்தச் சின்னக் குரலை ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் கேட்டுவிட்டு, இங்கன இருக்கேன்யா என்று இன்றைக்கும் பதில் சொல்லிக்கொள்கிறேன்.