வெளியூர் போய்விட்டதாக எழுதிய வீடு

பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பட்டியலிடுவது எங்களைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்குக் கோடையில் வரும் வேலை. அந்த வருடம் எனக்குப் பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர் தெரு. கடைசி வீடு கல்பனாவுடையது. நாலாம் வகுப்பில் என்னிடம் படித்துப் பாதியில் நின்றவள். கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே நூல் சுற்றும் ராட்டையின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

யார் சுற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் பெயரை எழுதினால், ஏன் நின்றாள் என்று நான்தான் விளக்கம் எழுத வேண்டும். திரும்பி வரும்வரை வாராவாரம் அலைய வேண்டும். 'குடும்பம் வெளியூர் போய்விட்டது' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன். எங்கள் பகுதியில் பள்ளி செல்லாத பிள்ளையே இல்லை என்று அறிக்கை போனது. கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடம் கழித்து, திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நெய்த லுங்கிகளைக் கட்டாகச் சுமந்து நின்ற ஒரு பெண் "டீச்சர்" என்றாள். கல்பனா.

"அன்னிக்கு எங்க வூட்டாண்ட வந்தீங்கல்ல, ஜன்னல் வழியா பாத்துகினுதான் இருந்தேன். இட்டுகினு போக வந்தீங்கன்னு பையெல்லாம் எடுத்து வெச்சேன்."

"கூப்பிட்டிருக்கலாமே கண்ணு."

"குரல் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுதான் நைனா பூட்டினு போனாரு. அதான் உங்களுக்குக் கேக்கட்டும்னு ராட்டைய வேகமா சுத்தினேன். கேக்கலீங்களா டீச்சர்?"

"கேக்கலம்மா" என்றேன்.

முதல் பொய்யைப் படிவத்தில் எழுதினேன். இதை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.