நான் வெட்டியெறிந்த மூலை

எதையும் நேராக வெட்டி ஒட்டினால்தான் எனக்கு நிம்மதி. ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டும் ரேடியோ தொலைநோக்கிப் படங்களையும், நட்சத்திரம் நடுவில் வருமாறு சதுரமாகக் கத்தரித்துவிடுவேன். நான்கு வருடமாக அப்படித்தான்.

கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே பகுதிநேர முனைவர் ஆய்வு செய்கிறேன். பொருள், சூரியனைவிடச் சிறிய, இன்னும் வளர்ந்து முடியாத நட்சத்திரங்கள். தம்மேல் விழும் வாயுவில் ஒரு பகுதியை அவை இரு பக்கமும் பீய்ச்சியடிக்கும். தூசிக்குள் மறைந்திருந்தாலும் அந்தத் தாரை ரேடியோ அலையில் தெரியும். என் நட்சத்திரம் ஒன்று வடக்கு தெற்காக நீண்டிருந்தது. அதுதான் தாரை என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் பத்து நாள். இதற்குமேல் நீட்டிப்பு கிடையாது.

அந்த ஞாயிறு காலை, கத்தரிக்காமல் நான் கழித்துப்போட்ட ஒரு தாளின் பின்பக்கத்தில் என் மனைவி சந்தைக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தவள் கேட்டாள்.

"இன்னாங்க, சுத்தி இருக்கிற புள்ளிங்களும் அதே பக்கம்தான் சாஞ்சிருக்குது. எல்லாமே பீய்ச்சுதா?"

"அதெல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கிற கேலக்ஸி."

"அதுங்களுக்கும் உங்க நட்சத்திரத்துக்கும் இன்னா ஒறவு, ஒரே மாரி நிக்கிறதுக்கு?"

வாங்கிப் பார்த்தேன். இடது கீழ்மூலையில் சிறிய நீள்வட்டம் ஒன்று இருந்தது. வெறும் புள்ளியைக்கூட அந்தத் தொலைநோக்கி எந்த வடிவில் காட்டும் என்பதற்கான அடையாளம் அது. அதுவும் வடக்கு தெற்காகவே நீண்டிருந்தது. நான் தாரை என்று நினைத்த நீளம் தொலைநோக்கி காட்டிய வடிவமாகவே இருக்கலாம். கத்தரித்த படத்தின்மேல் அளவுகோல் வைத்துத்தான் தாரையின் நீளத்தை அளந்திருந்தேன். எச்சரித்திருக்க வேண்டிய மூலையை ஒவ்வொரு தடவையும் நானே வெட்டியெறிந்திருக்கிறேன்.

உடனே என் நெறியாளருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"பத்து நாள்ல அத்தியாயத்தையே மாத்தணும் சார். அப்படியே விட்டா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு தோணலையா?" என்று கேட்டார் அவர்.

"எங்க வீட்லயே பாத்துட்டாங்க மேடம்."

சிரித்தார். "அப்ப இன்னிக்கே ஆரம்பிங்க."

மறுநாள் விடுப்பு எடுத்தேன். அன்று பார்த்து மாதாந்திர மின்தடை, ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை. செய்ய வேண்டியதை வரிசையாகத் தாளில் எழுதி வைத்தேன். கரன்ட் வந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அந்த நட்சத்திரத்தை இரண்டு ரேடியோ அதிர்வெண்களில் எடுத்திருந்த படங்களையும் ஒரே கூர்மைக்குக் கொண்டுவந்து, தொலைநோக்கியின் பங்கைக் கழித்து, மறுபடி அளந்தேன். மிஞ்சிய நீளம் அளவீட்டுப் பிழையைத் தாண்டவில்லை. ஆனால் அதிர்வெண் கூடும்போது பிரகாசமும் கூடியது. சூடான வாயுத் தாரையும் அப்படித்தான் ஒளிரும்.

ஒன்பதாம் நாள் மாலை அத்தியாயத்தின் முடிவை மாற்றினேன்: தாரை என்று கருத இடமுண்டு, அதன் நீளத்தையோ திசையையோ இந்தத் தரவில் அளக்க முடியவில்லை. அனுப்பிவிட்டேன்.

பிறகு எல்லாப் படங்களையும் மூலையோடு அச்சிட்டுப் பழையவற்றின்மேல் ஒட்டினேன். குறிப்பேட்டுக்கு வெளியே விரலளவு நீட்டிக்கொண்டிருந்தன.

"இப்படி துருத்திக்கினு இருக்குது, உங்களால சும்மா இருக்க முடியுதா?" என்றாள்.

"கத்தரிய நீயே வச்சிக்கோ" என்று கொடுத்துவிட்டேன்.