அழகர் கொண்டுபோன பேச்சு

பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 1998இல் தொழிற்சங்கத் தலைவர் பதவி காலியானது. அது தனக்குத்தான் என்று அழகர் முடிவே கட்டிவிட்டார். அவருடைய தங்கையைக் கட்டியவன் நான். நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தமிழ் வராது. ஏதும் பிரச்சினை என்றால் நாங்கள் ஆபீஸ் வாசலில் நிற்போம்; சிங்களம் பேசத் தெரிந்த அழகர் மட்டும் உள்ளே போய் வருவார். இருபது வருடம் இப்படி. "நா இல்லாட்டி பாதிப் பேருக்கு எப்பவோ வேல போயிருக்கும்," என்பார். மகள் சிவசக்தியைப் பண்டாரவளைக்கு அனுப்பிச் சிங்களம் படிக்கவைத்து, அதே ஆபீசில் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே.

கோயிலடியில் கூட்டம். கை தூக்கித் தெரிவு. அழகர் பெயருக்கு நாலே கை எழுந்தது.

"மாப்ள, ஒன் கைக்கு என்னாச்சு?" என்றார் என்னைப் பார்த்து. நான் தரையைப் பார்த்தேன்.

கொழுந்தெடுக்கும் அங்கம்மாதான் எழுந்தாள். "அடமழையில மலைக்கு வேலைக்குப் போக மாட்டோம்னு தொரைகிட்ட சொல்லச் சொன்னோம். நீங்க, 'தெரியாத சனம், மன்னிச்சிருங்க'ன்னு கும்பிட்டீங்களாமே? நாங்க எப்பங்க கும்பிட்டோம்?"

"கும்பிட்டதாலதான் ஒனக்கு இன்னமும் வேல இருக்கு! ஒங்களுக்காகக் குனிஞ்ச முதுகு இது!" அவர் குரல் உடைந்தது. "யாரு சொன்னா?"

பெண்கள் பக்கம் நின்ற சிவசக்திதான் முன்னால் வந்தாள். "கேட்டாங்கப்பா. பொய் சொல்ல முடியல."

"பெத்த புள்ளயே கழுத்தறுத்துட்டியே," என்றவர் துண்டை உதறிக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. அடுத்துச் சொன்ன பெயர் என்னுடையது. கைகள் மளமளவென்று எழுந்தன. மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் துரையிடம் நானும் சிவசக்தியும் போனோம். நாங்கள் உட்காருமுன்பே துரை சிரித்தபடி ஏதோ கேட்டார். அவள் முகம் செத்துப்போனது.

"என்னவாம்?" என்றேன்.

"அப்பாவுக்குச் சுகமான்னு கேக்குறாரு மாமா."

எனக்குச் சிங்களம் பேசத்தான் வராது, கேட்டால் விளங்கும். 'கும்பிடு போடுற கிழவன் இன்னைக்கு வரலையா?' என்றுதான் துரை கேட்டார்.

"சுகந்தான்னு சொல்லும்மா," என்றேன்.