கருவாடு மடித்த நாவல்

பிள்ளைகளே, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்பவன் நான். ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன். பதிப்பகத்தார் ஒருவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததும், ஆத்திரத்தில் அத்தனை தாளிலும் கருவாடு மடித்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வாடிக்கையாக வரும் ரெட்டியார்பாளையத்து அம்மா, கருவாட்டு வாடை வீசும் ஒரு தாளை நீட்டினார்.

"அண்ணா, இதுல அந்தப் பொண்ணு புயல்ல படகேறிப் போறா. அப்புறம் கரைக்கு வந்தாளா இல்லியா? மிச்சப் பேப்பர் இருந்தா குடுங்க."

"தீந்துடுச்சும்மா."

"அட, எந்தப் புண்ணியவான் இத்த எடைக்குப் போட்டான்?"

"தெரியலியே" என்றேன்.

ஒருவர் சொன்ன சொல்லை நம்பிய அளவுக்கு என் ஆறு வருடத்தை நான் நம்பவில்லை. இப்போது மறுபடியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் கரைக்கு வந்தாள் என்பது தெரியும். எப்படி வந்தாள் என்பதுதான் நினைவில் இல்லை.