செட்டண்ணனின் பெஞ்சு

மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் அவர் உடனே கையை எடுத்துவிட மாட்டார். உடைந்த கையையோ காலையோ இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்பார். விரல் நுனி படக்கூடாது. பட்டால் ஈரமாவு அந்த இடத்தில் குழிந்து, பிறகு உள்ளே தோல் புண்ணாகிவிடும். நாலைந்து நிமிடத்தில் கட்டு தானாகச் சூடேறும். "சுடுதா? சுடட்டும், சுட்டாத்தான் செட்டாகும்" என்பார். அதன் பிறகு ஆளை அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார வைப்பார். சரியாக அரை மணி நேரம் கழித்து வந்து, சுட்டுவிரல் நகத்தால் கட்டை மூன்று இடங்களில் தட்டுவார். பானை வாங்குகிறவரைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களின் நகங்களை ஒவ்வொன்றாக அமுக்கி விட்டுப் பார்ப்பார். வெளுத்த நகம் மறுபடி சிவந்தால், காதில் செருகியிருக்கும் நீலப் பென்சிலை எடுத்துக் கட்டின் மேலேயே நேரத்தை எழுதுவார்.

"செட்டு. கிளம்புங்க."

இந்த ஒரு சொல்லால்தான் மருத்துவமனை முழுக்க அவர் செட்டண்ணன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரிடம் இருந்த ஆங்கிலம் மொத்தமும் இந்த ஒரு சொல்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் குடும்பமே நடத்தினார். காலையில் வாளி, பஞ்சுச் சுருள், கத்தரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் அறை செட்டு. கூடவே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம்ம செட்டு. டீயும் பன்னும் சேர்ந்தால் ஒரு செட்டு. இரண்டு நர்சுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், "அவங்களுக்குள்ள செட்டாகல." புதுச் செருப்பு கடித்தால், "நாலு நாள் நடக்கணும், அப்பத்தான் செட்டாகும்." திடீர் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு முதல் நாளே வாசலைக் கழுவி வைத்தால் அது செட்டப்பு. ஒருமுறை அவருடைய மாமனாரைப் பற்றி விசாரித்தேன். பெருமூச்சு விட்டார்.

"அதை ஏன் தம்பி கேக்கறே. மனுசனுக்குப் பல்செட்டு வாங்கிக் குடுத்து மூணு மாசம் ஆகுது. செட்டு இன்னும் செட்டாகல."

எலும்புப் பிரிவின் இளம் டாக்டர் ஒருவர் அவரை விடாமல் சீண்டுவார். "அண்ணே, நாளைக்கு ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு ஆர்டர் போட்டா என்ன பண்ணுவீங்க?"

"லீவு போட்டுட்டு வீட்டுல இருப்பேன் சார்."

"வீட்டுல மட்டும்?"

"வீட்டுல நான் எங்க சார் பேசறேன்? அங்க ஏற்கெனவே வேற ஆளு செட்டு."

அந்தச் சொல் அவரிடம் வந்து சேர்ந்த கதையை ஒரு மழை நாளில் சொன்னார். அன்று கூட்டம் இல்லை. முதலில் அவர் இங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவராக, அதுவும் தற்காலிகமாகச் சேர்ந்தார். ஒருநாள் கட்டுப் போடுகிறவர் வரவில்லை. அப்போதிருந்த பெரிய டாக்டர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள், இவரைக் கூப்பிட்டு ஒரு காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கட்டைச் சுற்றி முடித்துவிட்டுக் கையைக் கழுவப் போனவர், திரும்பிப் பார்க்காமலே "செட்?" என்றார்.

"எனக்கு என்ன தெரியும்? ஆனா கையில இருந்தது தெரிஞ்சுது தம்பி. கொழகொழன்னு இருந்தது கல்லா மாறிடுச்சு. ஆமா சார், செட்டுன்னேன். மறுநாள்லேருந்து இந்த ரூம்தான். இருபத்திரண்டு வருசம். எனக்குச் சோறு போட்ட வார்த்தை. அதைப் போய் ஒரே வேலைக்கு மட்டும் வச்சுக்குவேனா?"

பெஞ்சுக்கும் கதை உண்டு. மருத்துவமனையின் பழைய சாமான் குவியலில் ஒரு கால் ஒடிந்து கிடந்ததை அவரே இழுத்துவந்து, ஒடிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு நிறுத்தியிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். வலியோடு வந்தவர்கள்கூட. அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இருந்த விதி அல்ல, அவர் வைத்த விதி. கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். அதை முதலில் சொல்வது விரல்கள்தான். ஆகவே விரல்களைப் பார்க்காமல் யாரையும் அனுப்பக்கூடாது. அவர் ஓயாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் பதிவேட்டிலேயே 'பெஞ்சு' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிவேட்டை எழுதுவது என் வேலை. அறை வாசலில் எனக்கு ஒரு மேசை. பெயர், வயது, எந்தக் கை, எந்தக் கால், கடைசியாகப் பெஞ்சுக் கட்டத்தில் ஒரு டிக். யாரிடமும் நிமிர்ந்து பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. பதிவேட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். செட்டண்ணன் ஒருநாள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, வரிக்கு வரி உடைஞ்சு கிடக்கு? கட்டுப் போட்டு விடட்டா?"

வாரக்கணக்கில் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை என் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து வலது முன்கை ஒடிந்திருந்தது. அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின். ஒன்று அவளுக்கு, இன்னொன்று என்றாவது ஆள் வைத்துக்கொள்ளும்போது அந்த ஆளுக்கு. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்த வலது கைதான். டாக்டர் எலும்பை இழுத்துச் சேர்த்தார். செட்டண்ணன் கட்டைச் சுற்றி, ஏந்திக்கொண்டு நின்றார். அக்கா அழவில்லை. "அண்ணே, மாவு நல்லாத்தான் பிசையறீங்க" என்றாள். உதடு மட்டும் வெளுத்திருந்தது.

அன்று கூட்டம் தாங்கவில்லை. பெஞ்சில் இடம் இல்லை. சுவரோரம் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. செட்டண்ணன் உள்ளே அடுத்த ஆளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இங்கே வேலை பார்க்கிறவனின் அக்காவுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா என்று தோன்றியது. பெஞ்சுக் கட்டத்தில் டிக் போட்டேன். நான் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். என் கையால் ஒருவருக்கு நல்லது நடந்துவிட்டது என்று வழியெல்லாம் ஒரு நிம்மதி.

நாலு மணிக்கு அவள் வலிக்கிறது என்றாள். உடைந்த கை வலிக்காமல் இருக்குமா என்றேன். ஐந்து மணிக்கு, உள்ளே யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். கையை உயர்த்தித் தலையணையில் வைத்தேன். "விரல் மரத்துப்போச்சுடா" என்றாள். "கொஞ்ச நேரத்துல செட்டாயிடும்" என்றேன். செட்டண்ணனின் சொல்லை எடுத்துக்கொண்ட நான், அவர் விரல்களைப் பார்ப்பதுபோல ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு வாசலில் சைக்கிள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. செட்டண்ணன். சட்டையெல்லாம் வேர்வை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, இன்னிக்குப் பதினொரு கட்டு போட்டேன். பத்துதான் தட்டினேன். ரூமைப் பூட்டும்போதுதான் உறைச்சுது. புத்தகத்தைப் பாத்தா எல்லாத்துக்கும் டிக் இருக்கு. உங்க அக்கா எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். அக்காவின் கட்டைவிரல் நகத்தை அமுக்கி விட்டார். வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது. சுண்டுவிரலை மெதுவாக நீட்டினார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அக்கா, அம்மா என்று அலறினாள்.

"இப்ப ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்த நேரத்து நெரிசல்ல முக்கால் மணி நேரம்ணே."

அவர் ஒரு கணம் யோசித்தார். டாக்டர் எழுதித் தராமல், அதுவும் வெளியில் வைத்து, கட்டைப் பிரிக்க அவருக்கு அனுமதி கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பெரிய கத்தரி ஏதாவது இருக்கா?"

மிஷின் மேல் அக்காவின் துணி வெட்டும் கத்தரி இருந்தது. ஒரு சாணுக்கு மேல் நீளம், கறுப்புப் பிடி. அதில் துணியைத் தவிர ஒரு காகிதம்கூட வெட்ட விடமாட்டாள். சின்ன வயதில் நான் அதில் அட்டை வெட்டியதற்கு இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. இப்போது வலியில் துடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அது துணிக் கத்தரி. முனை போயிடும்!"

"ஏம்மா, கை வேணுமா கத்தரி வேணுமா?"

"ரெண்டும்தான் வேணும்! கை இருந்து கத்தரி இல்லாட்டி நான் பல்லால கடிச்சா வெட்டறது?"

"பல்லு செட்டாயிருக்கில்ல, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே அவர் வெட்டத் தொடங்கியிருந்தார். மாவு முழுக்கக் காய்ந்திருக்கவில்லை. முழங்கைப் பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாக, நறுக் நறுக்கென்று. கீழே இருந்த பஞ்சுச் சுருளையும் கடைசி இழை வரை வெட்டினார். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் கட்டை ஒரு விரற்கடை அகலத்துக்கு விரித்தார். அக்கா மூச்சை விட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

நாங்கள் மூன்று பேரும் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் நகத்தின் அடியில் ஒரு ரோஜா நிறக் கீற்று. பிறகு அது மேலே ஏறியது. நான் எத்தனையோ கவிதைகளில் விடியலைப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் அந்த நகத்துக்கு ஈடில்லை.

"அண்ணே, நான்தான் டிக் போட்டேன்" என்றேன்.

"தெரியும். கத்தரியைக் கழுவித் துடைச்சு வை. இல்லாட்டி உங்க அக்கா என்னை வெட்டிடுவாங்க."

விரித்த கட்டின் மேல் துணி சுற்றி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் விரல்களைப் பார்த்தார். கட்டின் மேல் இருந்த வெட்டையும், அதில் நீலப் பென்சிலால் நேரம் எழுதப்படாததையும் பார்த்தார். "இதை யார் பிரிச்சது?" என்று கேட்டார். "நான்தான் சார், அவங்க வீட்டுல வச்சு" என்றார் செட்டண்ணன். டாக்டர் தாளில் ஏதோ எழுதினார். மருந்துச் சீட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் செட்டண்ணன் என் மேசைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். பேனாவும் கேட்டார். எதற்கு என்றேன்.

"நானும் ஒரு கவிதை எழுதலாம்னு பாக்கறேன் தம்பி."

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வாளிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, நெடுநேரம் எழுதினார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "ரொம்பக் கஷ்டமான வேலைப்பா இது. கட்டுப் போடறது எவ்வளவோ தேவலை" என்றார்.

ஆறு வாரம் கழித்து அக்காவின் கட்டைப் பிரித்தார். கையைத் திருப்பி, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னார். வெளியே பெஞ்சில் அக்கா தானாகவே போய் உட்கார்ந்தாள். "இப்ப எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "அன்னிக்கு உக்காராத அரை மணி நேரம் பாக்கி இருக்குல்ல" என்றாள். அவள் கை மிஷினுக்குத் திரும்பியதும் முதலில் தைத்தது அவருக்கு ஒரு சட்டை. அளவு எடுக்காமல், கண்ணால் பார்த்த அளவிலேயே. அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து மருத்துவமனை முழுக்கச் சுற்றினார். சட்டையைப் பற்றி என்ன சொன்னார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கத்தரிதான் செட்டாகவில்லை. சாணை பிடித்தும் பழைய முனை வரவில்லை. அக்கா அதை வீசவும் இல்லை. புதியது வாங்கிக்கொண்டு, பழையதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். காகிதம் வெட்ட, அட்டை வெட்ட, இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் உட்பட.

இரண்டு வருடம் கழித்து செட்டண்ணன், மனைவிக்கு வேலை கிடைத்த ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் நான் மாடியில் அலுவலகப் பிரிவுக்கு வந்துவிட்டிருந்தேன். அவருடைய கோப்பைப் புது மருத்துவமனைக்கு அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. பக்கங்களுக்கு எண் போட்டுக்கொண்டே போனபோது, அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த வாரம் தேதியிட்ட ஒரு விளக்கக் கடிதம் இருந்தது. டாக்டரின் அனுமதி இல்லாமல் வெளியில் கட்டைப் பிரித்தது ஏன், பெஞ்சில் உட்காராத நோயாளிக்கு டிக் போடப்பட்டது எப்படி என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் அதுவரை யோசித்ததில்லை.

கடிதம் நாலு வரிதான். அதில் செட்டு என்ற சொல் எங்கும் இல்லை. 'அன்று கூட்டம் அதிகம். அந்த அம்மா பெஞ்சில் உட்காரும் முன்பே டிக் போடச் சொன்னது நான். பதிவேடு எழுதுகிறவர் நான் சொன்னதைத்தான் செய்தார். தவறு என்னுடையது.'

கீழே அதிகாரியின் குறிப்பு: எச்சரிக்கப்பட்டார்.

தாள் என்னுடையது. மையும் என் பேனாவின் மைதான்.