அய்யா தண்ணீர் இறைத்துக் கரைசேர்த்த பந்தயக் கார்

எங்கள் அய்யா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் அச்சில் வரும்படி எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். முதல் எழுத்து அய்யாவைப் பற்றியதாக அமைந்ததில் எனக்குப் பெருமை.

அய்யா கமுதிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், மாட்டுவண்டி செய்யும் தச்சர் குடும்பத்தில் பிறந்தார். மழை பொய்த்து, வண்டி செய்யச் சொல்ல ஆளில்லாமல் போனபோது கடற்கரைக்கு வந்து, மரப் படகான வள்ளம் கட்டும் வேலையில் சேர்ந்தார். கடலை முதன்முதலாகப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியில ஒரு வாய் குடிக்க ஆகாதா?" என்று கேட்டாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வள்ளம் கட்டும் வீட்டுப் பெண்ணான அம்மாவை மணந்து இங்கேயே நிலைத்தார்.

சுதந்திரம் வந்த சமயம் கப்பலேறிய ஒரு துரை, தமது இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரைக் கடலோரச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் விட்டுப்போனார். உப்புக்காற்று அதன் தகரத்தைத் தின்றுவிட்டது. என்ஜினும் அடிச்சட்டமும் மட்டும் உறுதியாக இருந்தன. கடல் வணிகக் குடும்பத்துக் காசிம் பாய் சில ஆண்டுகள் கழித்து அதை வாங்கினார். கதவு, மட்கார்டு, கூரை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, பந்தயத்துக்கென்றே ஒரு வண்டியாக மாற்ற ஆசைப்பட்டார். என்ஜினை பஸ் மெக்கானிக் சந்தானம் அண்ணன் பிரித்துப் பூட்டினார். மேல்கூடு கட்டும் வேலை அய்யாவிடம் வந்தது.

அய்யா அதை வள்ளம்போலவே கட்டினார். மெல்லிய மரச்சட்டங்களை விலா எலும்புபோல் வளைத்து, வள்ளத்துக்குக் கட்டும் பாய்த்துணியை இழுத்துப் போர்த்தி, எண்ணெய் பூசினார். அடிப்பலகையின் இடுக்குகளில் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். மொத்தக் கூடும் நான்கு பேர் தூக்கிவிடும் கனம்தான். "அண்ணே, அடியில நாலு ஓட்டை போடுங்க. மழை பெஞ்சா தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்றார் சந்தானம் அண்ணன்.

"நான் கட்டுனதுல நானே ஓட்டை போடவா? ஒரு சொட்டு உள்ள வராது, போப்பா."

கீழிருந்து வரும் தண்ணீரைத்தான் அய்யா அறிவார்.

அப்போது கொழும்பில் கடை வைத்திருந்த என் தாய்மாமா ஊருக்கு வந்திருந்தார். துணியால் கார் கட்டுகிறவரை நம்பித் தங்கை குடும்பம் நடத்த முடியாது என்று, அய்யாவைத் தம் கடைக்கு அழைத்துப்போகவே வந்தார். போனால் அய்யாவை எப்போதாவதுதான் பார்க்க முடியும். அம்மா முகமே வாடிப்போனது. கடைசியில் மாமா ஒரு வழி சொன்னார்.

"மாப்ளே, இந்த வண்டி பந்தயத்துல கடைசிவரைக்கும் போய்ச் சேந்துச்சுன்னா நீ இங்கனயே இரு. நடுவுல நின்னுச்சு, என்கூடக் கப்பல் ஏறு."

அய்யா ஒப்புக்கொண்டார்.

உச்சிப்புளிப் பக்கம் போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. காசிம் பாய் ஓட்ட, வண்டியைக் கவனிக்க அய்யா பக்கத்தில் உட்கார்ந்தார். மதுரையிலிருந்து வந்த கார்களுக்கு நடுவே எங்கள் வண்டி இரண்டாவதாகப் பறந்தது. மாமாகூட எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை கொட்டியது. உள்ளே விழுந்த ஒரு சொட்டும் வெளியேறவில்லை. பாட்டரி இருக்கைக்கு அடியில் இருக்கிறது, தண்ணீர் அதைத் தொட்டால் வண்டி நின்றுவிடும் என்று சந்தானம் அண்ணன் கையைப் பிசைந்தார். அம்மா என் தோளை இறுகப் பிடித்தார்.

அடுத்த சுற்றில் வண்டி எங்களைக் கடந்தபோது, வெளியே ஒரு வாளி அளவு புளியோதரை பறந்தது. அம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியைக் காலி செய்துவிட்டு, அய்யா அதனால் தண்ணீரை இறைக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் வேடிக்கை பார்த்தவர்கள் மேல் சளார் சளாரென்று விழுந்தது. நனைந்தவர்களே கைதட்டினார்கள். அய்யா இறைக்க வசதியாகக் காசிம் பாய் வேகத்தைக் குறைக்க, கார்கள் ஒவ்வொன்றாக எங்கள் வண்டியை முந்திப் போயின. பந்தயம் முடிந்து மற்றவர்கள் இறங்கித் தலை துவட்டும்போது எங்கள் வண்டி ஊர்ந்து வந்து கோட்டைத் தாண்டியது.

"கடைசியாத்தான வந்த?" என்றார் மாமா.

"வந்துட்டேன்ல, மச்சான்."

மாமா, இன்னும் தண்ணீர் நின்ற அந்த வண்டியில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஒரு சுற்றுப் போகலாம் என்றார்.

மறுநாள் அய்யாவே துளையிட்டார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பிறகு பட்டறை போட்டு, பாய்த்துணி இல்லாமல் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் கூடு கட்டி, அந்தப் பட்டறை வருமானத்தில் என்னைப் பள்ளி இறுதிவரை படிக்கவைத்தார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களிடம் சண்டை போட்டதில்லை. "அவ கடைசிவரைக்கும் போய்ச் சேரட்டும்" என்று மட்டும் சொல்வார். நெஞ்சு நோவில் படுத்த கடைசி நாட்களிலும், தெருவில் போகும் லாரி தாம் கட்டியதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்நாட்களில் இரவு பகல் பாராது வந்து பார்த்த மருத்துவருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய காசிம் பாய் வீட்டாருக்கும், பட்டறையைத் தம் தோளில் தாங்கும் சந்தானம் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. சேதி கேட்டுக் கடல் கடந்து வந்த மாமா, தெரு நிறைய நின்ற உங்களையெல்லாம் பார்த்துவிட்டு, அய்யாவின் தலைமாட்டில் குனிந்து சொன்னார்: "மாப்ளே, உன்னைய அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, அங்கன வழியனுப்ப நானும் கடைப் பையனும்தான்டா வந்திருப்போம்."

வந்து நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.